பம்ப் ஹவுஸுக்குச் சண்டை போட வந்தவள்

இது நடந்து இரண்டு வருடங்கள் ஆகின்றன. பங்குனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை, குளச்சலுக்குக் கொஞ்சம் தள்ளித் தென்னந்தோப்புக்கு நடுவே இருக்கிற ஒரு குடிநீர் பம்ப் ஹவுஸில் நடந்தது. கொட்டாரத்தில் இருக்கும் என் வீட்டிலிருந்து காலையில் ஸ்கூட்டரில் கிளம்பினேன். போய்வருகிறேன் என்று சொல்ல வீட்டில் யாரும் கிடையாது. கதவைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினேன். எல்லா நாளும் அப்படித்தான்.

என் வேலையைச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது, மீதிப் பேர் நம்பமாட்டார்கள். ஊருக்குத் தண்ணீர் ஏற்றுகிற பெரிய மோட்டார்கள் நம் வீட்டுக் கரண்டில் ஓடாது. அவற்றுக்கு ஆயிரக்கணக்கான வோல்ட் வேண்டும். அந்த மோட்டாரை ஓடவைக்கவும் நிறுத்தவும் ஒரு சாதனம் உண்டு, வேக்குவம் கான்டாக்டர் என்று பெயர். அதில் மூன்று வெள்ளைப் பீங்கான் குடுவைகள் இருக்கும். குடுவைக்குள் காற்றுகூடக் கிடையாது. கரண்டைச் சேர்ப்பதும் பிரிப்பதும் அந்தக் காற்றில்லாத இடத்தில்தான் நடக்கும், அதனால் பொறி கிளம்பினாலும் உடனே செத்துவிடும். வருடங்கள் போகப் போக உள்ளே தேய்மானம் வரும், காற்று கசியும், கிரீஸ் காய்ந்து இறுகிவிடும். அதையெல்லாம் துடைத்து, அளந்து, சோதித்துக் கொடுப்பது என் வேலை. உள்ளே இருக்கும் வெறுமை கெட்டுப்போகாமல் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு என்று வீட்டுக்காரர் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார்.

அவரும் இதே துறைதான். கோயம்புத்தூரில், இந்தச் சாதனங்களை உள்ளே வைக்கிற பேனல் என்னும் இரும்பு அலமாரி செய்கிற கம்பெனி ஒன்றில் நான் டிப்ளமோ முடித்துவிட்டு டெஸ்டிங்கில் இருந்தபோது பழக்கம். கல்யாணமாகி அவருடைய ஊரான கொட்டாரத்துக்கு வந்தோம். நாகர்கோவிலில் ஒரு காண்டிராக்டரிடம் இருவரும் சேர்ந்து வேலைக்குப் போனோம். பிறகு அவர் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு. பையன் கனடாவில் இருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடியோ காலில் வருவான். நல்ல பிள்ளை, குறை சொல்ல ஒன்றுமில்லை.

அவர் போன பிறகு எனக்கு மனிதர்களைக் கண்டாலே எரிச்சலாகிவிட்டது. வருகிறவர்கள் எல்லாம் தலையைச் சாய்த்துக்கொண்டு "பாவம்" என்பார்கள். சாப்பிட்டாயா, தூங்கினாயா, ஒத்தையில் எப்படி இருக்கிறாய், பையனோடு போய்விடக்கூடாதா என்று ஆரம்பித்துவிடுவார்கள். நான் முகத்தில் அடித்த மாதிரி பதில் சொல்லுவேன். எனக்கு எப்போதுமே வாய் கொஞ்சம் நீளம். ஒருவர் பின் ஒருவராக வருவதை நிறுத்திக்கொண்டார்கள். விட்டது தொல்லை என்று இருந்தேன். பம்ப் ஹவுஸ்கள் எனக்குப் பிடித்துப்போனதும் அதனால்தான். அங்கே யாரும் ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஒருவர் வேலை செய்தால் இன்னொருவர் சும்மா நிற்க வேண்டும். ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கக்கூட வேண்டாம், பார்த்துக்கொண்டு நின்றால் போதும். ஏதாவது ஆனால் ஓடிவந்து நிறுத்துவதற்கு ஒரு ஆள். வழக்கமாக என்னோடு வருகிற உதவியாளர் அந்த வாரம் காய்ச்சலில் படுத்துவிட்டார். இரண்டு நாள் பொறுங்கள், வேறு ஆளை அனுப்புகிறேன் என்றார் காண்டிராக்டர். ஆனால் அந்த பம்ப் ஹவுஸில் இருந்த இரண்டு மோட்டாரில் ஒன்று ஏற்கெனவே எரிந்துபோய், உள்ளே புதுக் கம்பிச் சுருள் கட்டப் பட்டறைக்குப் போயிருந்தது. மிச்சமிருந்த ஒன்றும் முதல் நாளிலிருந்து ஸ்டார்ட் ஆகவில்லை, கான்டாக்டர் தகராறு. கடற்கரை ஊர்கள் பலவற்றுக்கும் அந்த ஒரு மோட்டாரை விட்டால் தண்ணீர் கிடையாது. நான் தனியாகவே போகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

போனால், அங்கே பம்ப் ஆபரேட்டர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் நிற்கிறார். களியக்காவிளையில் சொந்தத்தில் கல்யாணமாம். மோட்டார் ஓடாததால் அவருக்கு வேலையும் இல்லை. போகவும் மனசு, போகத் தயக்கமும். நல்ல மனிதர். வாசலுக்கும் பேனலுக்கும் இரண்டு தடவை நடந்துவிட்டுக் கேட்டார்.

"மேடம், ஒத்தைக்கு நிப்பியளா? நான் வேணும்னா போகாம இருக்கேன்."

"எனக்கு ஆள் வேண்டாம். நீங்க தாராளமா போயிட்டு வாங்க" என்றேன். மனதார, சந்தோஷமாகத்தான் சொன்னேன். பூட்டிவிட்டுச் சாவியை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிடுங்கள், என்னிடம் இன்னொரு சாவி இருக்கிறது, நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லி அவர் பைக்கில் போய்விட்டார். பைக் சத்தம் தோப்புக்கு அப்பால் போய் மறைந்ததும் எனக்கு ஒரு நிம்மதி. ஃபேன் சத்தமும் வெளியே தென்னை ஓலைச் சத்தமும் மட்டும்தான்.

முறைப்படி எல்லாம் செய்தேன். பெரிய கரண்டை வெட்டுகிற பிரேக்கரை நிறுத்தி, பூட்டுப் போட்டு, சாவியை என் பைக்குள் பத்திரமாகப் போட்டேன். கரண்டு இல்லை என்று சோதித்தேன். எர்த் கம்பி மாட்டினேன். போன், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிப் பையில் வைத்து, பையை வாசல் பக்கம் மேஜையில் வைத்தேன். பேனலுக்குள் கை விடுகிறவர்கள் உடம்பில் உலோகம் இருக்கக்கூடாது. மற்றப் பெண்களுக்கென்றால் வளையல், தாலிச் செயின் எல்லாம் கழற்றுகிற வேலை இருக்கும். எனக்கு அந்தச் சிரமமும் இல்லை.

கான்டாக்டர் சக்கரம் வைத்த தள்ளுவண்டி மாதிரி இருக்கும், நெஞ்சளவு உயரம். அதைப் பேனலிலிருந்து வெளியே இழுத்து, உருளாமலிருக்கச் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தேன். நான் சுவருக்கும் அதற்கும் இடையில், பின்பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். அதை மூடித் திறந்து இடைவெளியை அளக்க வேண்டுமென்றால் கொஞ்சம் கரண்டு வேண்டும். பேட்டரியிலிருந்து வருகிற சின்னக் கரண்டு. அதற்கென்று பேனலிலிருந்து ஒரு ஒயரும் பிளக்கும் உண்டு. அதை மாட்டி, மூடினேன், திறந்தேன், அளந்தேன். குடுவைகளில் தேய்மானம் அதிகமில்லை. கோளாறு கீழே இருந்தது. மேலும் கீழும் அசைகிற இரும்புத் தகட்டின் அச்சில் கிரீஸ் காய்ந்து தார் மாதிரி இறுகியிருந்தது. அடடா, இவ்வளவுதானா என்று துணியில் மண்ணெண்ணெய் நனைத்துக்கொண்டு இடது கையை உள்ளே விட்டேன். ஒரு நிமிஷ வேலைதானே என்று பிளக்கைக் கழற்றவில்லை.

பேனலில் ஒரு திருகு சுவிட்ச் இருக்கிறது. ஆள் பட்டனைத் தட்டினால் மட்டும் ஓட வேண்டுமா, இல்லை, மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் குறைந்ததும் தானாகவே ஓட வேண்டுமா என்பதை அதில்தான் வைப்பார்கள். அது தானாக ஓடுகிற பக்கம் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. முதல் நாளிலிருந்து தண்ணீர் ஏறவில்லை, மக்கள் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறார்கள். எங்கோ இருந்த அந்தத் தொட்டி அடிமட்டத்துக்கு வந்த நேரமும் என் கை உள்ளே இருந்த நேரமும் ஒன்றாகிவிட்டது. தண்ணீர் வேண்டும் என்று தொட்டியிலிருந்து சிக்னல் வந்தது. கான்டாக்டர் டப்பென்று மூடியது. பெரிய கரண்டுக்குப் பூட்டும் சாவியும் போட்ட நான், சின்னக் கரண்டை மறந்துபோயிருந்தேன்.

முதலில் வலியே தெரியவில்லை. கையை இழுத்தேன், வரவில்லை. மோதிர விரலும் சுண்டு விரலும் தகட்டுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்தன. அப்புறம் வந்தது பாருங்கள் வலி, தோள் வரைக்கும் ஏறிக் கண்ணை இருட்டிக்கொண்டு போனது. சில கான்டாக்டர்கள் கரண்டு போனால் தானே திறந்துகொள்ளும். இது அப்படியல்ல, மூடியதும் கொக்கி விழுந்து பூட்டிக்கொள்கிற வகை. அதைத் திறக்க முன்பக்கத்தில், அடியில் ஒரு சின்ன லீவர் இருக்கிறது. கீழே அழுத்தினால் போதும், பச்சைப் பிள்ளைகூட அழுத்திவிடும். நான் பின்பக்கம் சுவரோடு இருந்தேன். வலது கையை எப்படி வளைத்தாலும் எட்டவில்லை. ஸ்பேனரால் எட்டிப் பார்த்தேன், அது நழுவி வண்டிக்கு அடியில் போய்விட்டது. வண்டியை நகர்த்தலாம் என்றால் சக்கரத்துக்குக் கட்டை வைத்த புண்ணியவதி நான்தான்.

கத்தினேன். யாராவது வாங்க, யாராவது வாங்க என்று கத்தினேன். கனமான சுவர், மேலே ஓடுகிற ஃபேன், வெளியே காற்று. அந்தச் சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்கவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்றால் எந்தப் பெயரைச் சொல்வது? ஒரு பெயரும் வரவில்லை. வலி மறுபடி ஏறினபோது என் வாயிலிருந்து "ஏங்க" என்று வந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவரைக் கூப்பிட்ட அதே "ஏங்க". அது காதில் விழுந்ததும் நான் கத்துவதை நிறுத்திவிட்டேன். அதற்குமேல் முடியவில்லை.

பிறகு யோசனை வந்தது. கொட்டாரத்தில் என் வீடு பூட்டிக் கிடக்கிறது. நான் திரும்பவில்லை என்று யாருக்குத் தெரியும்? பக்கத்து வீட்டுக்காரியிடம் நான் பேசி மாதக்கணக்காகிறது. காண்டிராக்டர் வேலை முடிந்திருக்கும் என்று நினைப்பார், நான் போன் எடுக்காவிட்டாலும் கோபத்தில் இருக்கிறாள் போல என்று விட்டுவிடுவார், என் சுபாவம் அவருக்குத் தெரியும். பையனுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் என்னைத் தேடும். ஆபரேட்டர் மறுநாள் காலையில். அதுவும் அவர் கல்யாண வீட்டிலிருந்து நேரத்துக்குக் கிளம்பினால். அதுவரை இந்த விரல்கள் என்ன ஆகும், நான் மயங்கி விழுந்தால் கை என்ன ஆகும்? ஆனால் உண்மையைச் சொல்கிறேன், விரல் போவதைவிட இன்னொன்று என்னை அதிகம் அழவைத்தது. இத்தனை பெரிய உலகத்தில் இந்த நேரத்தில் என்னைத் தேட ஒரு ஜீவன் இல்லை. அப்படி ஆக்கிவைத்ததும் நான்தான்.

மேஜையில் போன் அடித்தது. எனக்கு உயிர் வந்தது. நின்று, மறுபடி அடித்தது, மறுபடியும் அடித்தது. யாரோ என்னை விடாமல் தேடுகிறார்கள் என்று நினைத்துத் தேம்பித் தேம்பி அழுதேன். பிறகு எடுத்துப் பார்த்தால், லோன் வேண்டுமா என்று கேட்கிற நம்பர்.

வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரையில் கொஞ்ச தூரம் வந்திருந்தது. அப்போதுதான் வெளியே ஒரு குரல். குரல் என்றா சொன்னேன், தோப்பே அதிர்ந்தது.

"ஏலே, உள்ள கெடந்து ஒறங்குதியா? நேத்தையிலிருந்து பைப்புல காத்துதாம்லே வருது! வெளிய வா, இன்னைக்கு ஒன்ன விடமாட்டேன்!"

ஆபரேட்டருக்குத்தான் அந்த அர்ச்சனை. அவர் பரம்பரையில் ஒருவரையும் பாக்கி வைக்கவில்லை. வீட்டில் பேறுகாலம் முடிந்த பெண் இருக்கிறாள், பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்ட வெள்ளமில்லை, நீயெல்லாம் மனுசனா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். தண்ணீரை அந்தப் பக்கம் வெள்ளம் என்றுதான் சொல்வார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதில்லை. இருந்த தெம்பையெல்லாம் கூட்டி, உள்ளே வாங்க என்று கூவினேன்.

வாசலில் வந்து நின்றாள். என் வயதுதான் இருக்கும். கழுத்தில் ஜெபமாலை, இடுப்பில் மீன் பாத்திரம். தெருத்தெருவாக விற்றுக்கொண்டு வருகிறவள் போகிற வழியில் சண்டை போட்டுவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறாள். திட்டிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றது. என்னைப் பார்த்தாள், கதவில் இருந்த மண்டையோட்டுப் படத்தைப் பார்த்தாள், ஒரு காலை உள்ளே வைத்து ஒரு காலை வெளியே வைத்து நின்றாள். நான் யார், என்ன ஆயிற்று என்று நான் திக்கித் திணறிச் சொன்னேன். மீன் பாத்திரத்தை இறக்கி வைத்தாள். யாராவது ஆண்பிள்ளையை விளித்துக்கொண்டு வருகிறேன், இப்போது வந்துவிடுவேன் என்று திரும்பினாள்.

"போகாதீங்க" என்றேன். "தயவு செஞ்சு போகாதீங்க."

அன்று காலையில் ஆள் வேண்டாம் என்று ஒருவரைத் துரத்திய அதே வாய். அவள் திரும்பி வந்துவிடுவாள் என்றுதான் அறிவு சொன்னது. ஆனால் அந்த வாசல் மறுபடி வெறுமையாகிவிடுமே, அதை என்னால் தாங்க முடியாது என்று இருந்தது. அவளும் அதைப் புரிந்துகொண்டாள் போல. போகவில்லை.

லீவரை அழுத்தினால் போதும் என்று சொல்ல வாயெடுத்தவள், நிறுத்திக்கொண்டேன். தொட்டி இன்னும் காலி. சிக்னல் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கும். லீவரை அழுத்தினால் திறக்கும், திறந்த அந்த நொடியே மறுபடி மூடும். அதனால் முதலில் அந்தச் சின்னக் கரண்டை நிறுத்த வேண்டும். பேனலின் சிறிய கதவைத் திறந்து, உள்ளே ஒரு கறுப்பு சுவிட்சைக் கீழே தள்ள வேண்டும். பிளக்கைப் பிடுங்கச் சொல்லலாம் என்றால் அவள் கை சொட்டச் சொட்ட ஈரம். அதை அவளே சொன்னாள்.

"எங் கை ஈரமாக்கும். மீன் வெள்ளம். அதுல கரண்டு உண்டா?"

எனக்கு ஒரு நொடி பொய் சொல்லத் தோன்றியது. இல்லை என்றால் உடனே தொடுவாள், என் கை தப்பும். உண்டு என்றால் ஓடிவிடுவாளோ என்று பயம். ஆனால் அவள் வீட்டில் பச்சைப் பிள்ளை இருக்கிறது என்று இப்போதுதானே காதில் விழுந்தது. உண்டு, பெரிய கரண்டு இல்லை, ஆனால் ஈரக் கையால் தொட்டால் அடிக்கும், நன்றாகத் துடைத்துவிட்டு ஏதாவது காய்ந்த குச்சியால் தள்ளுங்கள் என்றேன்.

"உள்ளதச் சொன்ன. இல்லன்னு சொல்லியிருந்தா நம்பியிருக்க மாட்டேன்" என்றாள். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். சேலையில் கையை அழுந்தத் துடைத்தாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஒரு காலில் கிடந்த ரப்பர் செருப்பைக் கழற்றி எடுத்தாள். பேனலுக்கு முன்னால் விரித்திருந்த ரப்பர் பாயில் ஏறி நிற்கச் சொன்னேன். நின்றாள். முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, கரப்பானை அடிக்கிற மாதிரி அந்தச் சுவிட்சை ஒரு அடி அடித்தாள். ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதனால் நடந்ததா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. பேனலில் எரிந்த சின்ன விளக்குகள் அணைந்ததை நான் பார்த்துவிட்டேன். அதுபோதும் என்றேன்.

இனி லீவர். முன்பக்கம் குனிந்தவள் அதைத் தொடாமல் யோசித்தாள். இதில் இல்லை, சத்தியமாக இல்லை என்று நான் ஆரம்பித்தேன். அவள் கை காட்டி என்னை நிறுத்தினாள்.

"சும்மா இரி. நீ தொட்டுட்டுதானே இருக்க? ஒனக்கு அடிக்கல்ல. பின்ன எனக்கு மட்டும் அடிக்குமா?"

அழுத்தினாள். டக்கென்று திறந்தது. கையை வெளியே எடுத்ததும்தான் ரத்தத்தைப் பார்த்தேன். அவள் தலையில் வைக்கிற சும்மாட்டுத் துணியை உதறி என் கையைச் சுற்றிக் கட்டினாள். மீன் வாடை குப்பென்று அடித்தது. அவள் தோளில் முகத்தை வைத்து நான் அழுதேன். அவள் முதுகில் தட்டிக் கொடுத்தாள் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அவள் தட்டவில்லை, "மக்கா, அழுகத அப்புறம் வச்சிக்கலாம், எந்திரி" என்று என்னைத் தூக்கி நிறுத்தினாள். நான் எழுந்ததும் முதல் வேலையாக அந்தப் பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். கதவைப் பூட்டிவிட்டு வந்தோம்.

ரோட்டுக்கு வந்து ஒரு ஆட்டோவை மறித்து குளச்சல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். மீன் பாத்திரம் பம்ப் ஹவுஸ் வாசலிலேயே கிடந்தது, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பின்னால் ஒரு நாள் அந்த மீன் என்ன ஆயிற்று என்று கேட்டதற்கு, காக்காவுக்கும் பூனைக்கும் அன்றைக்கு யோகம் என்றாள்.

ஆஸ்பத்திரியில் கூட வந்தது யார் என்று நர்ஸ் கேட்டார். நான்தான் என்றாள். நீங்க என்ன உறவு என்று கேட்டதற்கு, கூட்டிக்கொண்டு வந்தவளுக்கு உறவு வேறு வேண்டுமா என்று ஒரு முறை முறைத்தாள். தையல் போட்டு முடியும்வரை வெளியே உட்கார்ந்திருந்தாள். மோதிர விரலில் எலும்பு முறிவு, சுண்டு விரலின் நுனி நசுங்கிவிட்டது. கை தப்பியதே பெரிய விஷயம் என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும், வீட்டுக்குப் போன் போடு, ஆள் வரட்டும் என்றாள். வீட்டில் யாருமில்லை என்றேன். பக்கத்து வீடு? பேச்சு வார்த்தை இல்லை. சொந்தக்காரர்? எப்போதாவது. பையன்? கனடாவில் இப்போது ராத்திரி, எழுப்பினால் பயந்துவிடுவான். ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு அவள் கொஞ்சம் விலகி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள். சரி, பாவம் என்று சொல்லப்போகிறாள் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். அவளுக்கு வந்தது கோபம்.

"அப்பம், நீ அங்கன கெடந்து செத்துருந்தா யாருக்குத் தெரியும்? வெவரம் கெட்டவளே."

யாரும் அதுவரை என்னை இப்படிக் கேட்டதில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே மறுபடி அழுகை வந்தது. அவள் விடவில்லை. ஒரு பெண்பிள்ளை ஒத்தைக்கு அந்தக் குகைக்குள் போகிறாளே, போகிறேன் என்று ஒருத்தரிடம் சொல்ல வேண்டாமா, வாயில் என்ன கொழுக்கட்டையா என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வைத்து என்னை வாங்கு வாங்கென்று வாங்கினாள். எல்லாம் முடிந்த பிறகு, குரலைத் தணித்து, இன்றைக்கு வெள்ளம் வராதா என்று கேட்டாள். அதைக் கேட்கத்தான் காலையில் அவ்வளவு தூரம் நடந்து வந்தாள். நாளைக்கு நானே வந்து சரி செய்து தருகிறேன் என்றேன்.

அன்று என்னை பஸ் ஏற்றிவிடும் முன் என் நம்பரை வாங்கிக்கொண்டாள். வீட்டுக்குப் போய், ஒரு கையால் கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு உட்கார்ந்தபோது போன் அடித்தது. வீடு சேர்ந்தியா, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டாள். வேறு யார் கேட்டிருந்தாலும் சுள்ளென்று விழுந்திருப்பேன். பிரெட் இருக்கிறது என்று அடக்கமாகச் சொன்னேன். பிரெட்டா என்று அதற்கும் ஒரு திட்டு விழுந்தது.

மறுநாள் காண்டிராக்டர் இன்னொரு மெக்கானிக்கை அனுப்பினார். நான் கட்டுப் போட்ட கையோடு நின்று சொல்லச் சொல்ல அவர் செய்தார். பிளக்கைக் கழற்றியாயிற்றா, திருகு சுவிட்சைப் பார்த்தீர்களா என்று நான் கேட்ட கேள்விகளில் அவருக்குத் தலை வலித்திருக்கும். அவளும் வந்திருந்தாள். யாரும் கூப்பிடவில்லை. வாசலில் மீன் பாத்திரத்தைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டு, எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வேலையும் செய்யவில்லை. மோட்டார் ஓடத் தொடங்கியதும் எழுந்து, எங்களிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல், குடத்தை எடுத்து வைக்க வீட்டுக்கு ஓடினாள்.

என் சுண்டு விரல் இப்போதும் முழுதாக மடங்காது. வேலையை விடவில்லை. இப்போது ஆளில்லாமல் எந்த பேனல் ரூமுக்குள்ளும் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரியிடமும் பேசத் தொடங்கியிருக்கிறேன், எங்களுக்குள் என்ன தகராறு என்று யோசித்தால் இரண்டு பேருக்குமே ஞாபகம் வரவில்லை. பையனிடம் நடந்ததைச் சொன்னேன். இப்போது அவன் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருப்பதில்லை.

ஆனால் ஒரு வேலைக்குப் போகிறேன் என்றால் முதலில் சொல்வது அவளிடம்தான். கவனமாக இரு, பார்த்துச் செய் என்றெல்லாம் அவள் சொல்லமாட்டாள். எப்பம் வெளிய வருவ என்று மட்டும் கேட்பாள். போன மாதம் ஒரு ரப்பர் தொழிற்சாலையில் வேலை இழுத்துக்கொண்டு போய், சொன்ன நேரத்தைத் தாண்டிவிட்டேன். வெளியே வந்து போனை எடுத்தால் திரை முழுக்க அவளுடைய அழைப்புகள். காண்டிராக்டரைப் பிடித்து ஒரு வழி செய்துவிட்டு, ஆட்டோவில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நான் ஹலோ சொன்னதுதான் தாமதம், அந்த ஆட்டோக்காரர் முன்னால் என்னை அவள் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. கேட்டுக்கொண்டே நின்றேன். நான் வராவிட்டால் கோபப்பட ஒருத்தி இருக்கிறாள் என்பதற்காகவே, இப்போதெல்லாம் நான் சொன்ன நேரத்துக்கு வெளியே வந்துவிடுகிறேன்.